டூஸ்லாவின் முதல் கோரிக்கை

2014 பிப்ரவரி 7. டூஸ்லா என்ற ஊரில் தொடங்கிய போராட்டம் போஸ்னியாவின் தலைநகர் சராயேவோவுக்கும் பரவியிருந்தது. அங்கே அதிபர் மன்றக் கட்டடத்தின் ஜன்னல்களிலிருந்து கரும்புகை சுருண்டு வெளியே வரும் படம் ஒன்று அன்று இரவு கண்ணில் பட்டது. போஸ்னியாக்கியர், செர்பியர், குரோவாசியர் என்ற மூன்று இனங்களுக்கு இடையே 1992 முதல் 1995 வரை நடந்த போஸ்னியப் போரைப் பற்றி நிறையப் படித்தவன் என்ற உரிமையில் உடனே மூன்று வரி எழுதிப் போட்டேன். "பதினெட்டு வருஷமாகக் கல் கல்லாக அடுக்கிக் கட்டியதை ஒரே பிற்பகலில் கொளுத்திவிட்டார்கள்" என்பது முதல் வரி. ஐ.நா. பணி ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்த தோழி ஒருவர் அதன் கீழே இரண்டே சொல் எழுதினார்: "யார் கட்டியதை?"

நான் நீளமாகப் பதில் எழுதினேன். 1995இல் போரை நிறுத்த அமெரிக்காவின் டேட்டனில் பேசி முடித்த ஒப்பந்தம், அதன் நாலாவது இணைப்பாக வந்த அரசியலமைப்பு, அதைக் காவல் காக்க வெளிநாடுகள் நியமித்த உயர் பிரதிநிதி, 1997இல் பான் நகரக் கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த அதிகாரங்கள் (சட்டம் போடலாம், தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பதவி நீக்கலாம்) என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவர் மறுபடி எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நானும் இன்னொரு பதில் எழுதி அதோடு மறந்திருப்பேன். அந்த இரண்டு சொல் அப்படியே நின்றுவிட்டது. என் பதிலைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தியது. நான் சொன்ன பட்டியலில் போஸ்னியாக்காரர் ஒருவர்கூட இல்லை.

அப்போது நான் நம்பியது இதுதான்: போர் முடிந்த நாட்டுக்கு முதலில் வேண்டியது அமைதி. காயம் ஆறும்வரை கட்டைப் பிரிக்கக் கூடாது. ஆயுதம் களைவது, தேர்தல் நடத்துவது, நீதிமன்றம், போலீஸ், வங்கி என்று ஒவ்வொன்றாக நிற்க வைத்த பிறகு மக்கள் வந்து கோபப்படட்டும், அதற்கு நேரம் இருக்கிறது. இந்த நம்பிக்கையை நான் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. கிழக்குத் திமோரை ஐ.நா.வின் வெற்றிக் கதை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2006இல் பாரபட்சம் நடக்கிறது என்று முறையிட்டு முகாமை விட்டு வெளியேறிய ஏறத்தாழ அறுநூறு சிப்பாய்களை அரசு பணிநீக்கம் செய்தது, அவர்கள் தலைநகர் டிலியில் போராட்டம் தொடங்கினார்கள், ஒரு மாதத்துக்குள் நகரம் பற்றி எரிந்தது, லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், வெளிநாட்டுப் படைகள் திரும்பி வந்தன. ஆக, தெருவில் கூட்டம் கூடினால் அடிவயிறு கலங்குவது வெறும் கற்பனைப் பயம் இல்லை. சராயேவோ தீயில் கருகியவற்றில் ஆவணக்காப்பகத்தின் பழைய காகிதங்களும் உண்டு. அதை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

வெளியிலிருந்து வந்தவர்கள் செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 1998இல் நாடு முழுக்க ஒரே மாதிரி வண்டி எண் பலகை வந்தது. லத்தீன் எழுத்திலும் சிரிலிக் எழுத்திலும் ஒரே வடிவத்தில் இருக்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து அதில் போட்டார்கள். அதற்கு முன்னால் வண்டியின் எண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம், அதனால் மறுபக்கம் போகவே ஆட்கள் பயந்தார்கள். எண் பலகை மாறியதும் சனங்கள் கோட்டைத் தாண்டிப் போய் வரத் தொடங்கினார்கள். உள்ளூர்த் தலைவர்களிடம் விட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. நாட்டின் கொடியும் அதே ஆண்டு அப்படித்தான் வந்தது, உயர் பிரதிநிதியின் கையெழுத்தில்.

பதின்மூன்று இலக்கம்

என் நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது 2014ஆம் ஆண்டுச் செய்திகளால் அல்ல. தோழியின் கேள்வி குடைந்துகொண்டே இருந்ததால் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனபோது முந்தைய ஆண்டில் நடந்த ஒன்று கண்ணில் பட்டது.

போஸ்னியாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதின்மூன்று இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். யூகோஸ்லாவியா காலத்து ஏற்பாடு. முதல் ஏழு இலக்கம் பிறந்த நாள், மாதம், ஆண்டு. அடுத்த இரண்டு எந்த வட்டாரம் என்பது. அடுத்த மூன்று வரிசை எண், ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கடைசி ஒன்று கணக்கு சரியா என்று பார்ப்பதற்கு. இந்த எண் இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. எண் கொடுக்கும் சட்டத்தின் ஒரு பகுதி செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் திருத்தி எழுதியிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு இலக்கத்தில், வட்டாரங்களின் எல்லையை எப்படிப் போடுவது, போஸ்னியாவுக்குள்ளேயே செர்பியர் பெரும்பான்மையாக இருக்கும் 'செர்பியக் குடியரசு' என்ற பாதியின் எல்லையோடு அது ஒத்துப்போக வேண்டுமா என்பதில் சண்டை. 2013 பிப்ரவரியில் இருந்து பிறந்த குழந்தைகளுக்கு எண்ணே இல்லாமல் போனது.

சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தைகள் பிறக்கவே இல்லை. அதில் ஒன்று மூன்று மாதப் பெண் குழந்தை, சிகிச்சைக்கு அவசரமாக ஜெர்மனி போக வேண்டும். எண் இல்லை, அதனால் கடவுச்சீட்டு இல்லை. ஜூன் 5ஆம் தேதி சிலர் வண்டிகளோடு வந்து நாடாளுமன்றத்தின் வாசலை மறித்தார்கள். மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்துக் கட்டடத்தைச் சுற்றி நின்றார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தவர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள். சட்டத்தை எழுதி முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். உள்ளே உறுப்பினர்கள் மட்டும் இல்லை, வங்கிக் கூட்டம் ஒன்றுக்காக வந்திருந்த வெளிநாட்டு விருந்தினர்களும் மாட்டிக்கொண்டார்கள். இரவில் உயர் பிரதிநிதி வாலன்டின் இன்ஸ்கோ நேரில் வந்து பேச வேண்டியதாயிற்று.

செர்பியக் குடியரசின் உறுப்பினர்கள் சிலர் சராயேவோவில் தங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லிச் சபைக்கு வர மறுத்தார்கள். அவர்கள் பேச்சில் தள்ளுவண்டிக் கூட்டம் ஓர் இனத்துக்கு எதிரான மிரட்டலாக மாறிப்போனது. அந்த மாதமே இன்னொரு பச்சிளங்குழந்தை, அதே எண் சிக்கலில் மாட்டி, சிகிச்சை தாமதமாகி இறந்துபோனது. சட்டம் நவம்பரில் வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், என் மகள் பிறந்த மூன்றாவது நாள் பிறப்புச் சான்றிதழுக்காக நான் வரிசையில் நின்றது இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. பெயர் எழுதாத இடத்தில் ஒரு கோடு, தேதி, முத்திரை. அதைக் கையில் வாங்கியபோது எந்த உணர்ச்சியும் இல்லை, மடித்துப் பையில் வைத்தேன். அரசு என்று நாம் சொல்வது கடைசியில் அந்தத் தாள்தான், அது எப்போதும் கிடைத்துவிடுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை. போஸ்னியாவில் அப்போது மாநிலம், மாவட்டம் என்று எல்லா மட்டத்தையும் சேர்த்தால் பதினான்கு அரசாங்கங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. மக்கள் தொகை அப்போது சுமார் 35 லட்சம். பதினான்கு அரசாங்கமும் சேர்ந்து ஒரு குழந்தைக்கு எண் கொடுக்க முடியவில்லை. கைகோத்து நின்றவர்கள் கட்டியதை இடிக்க வந்தவர்களா, இல்லை அது நிற்கட்டும் என்று வந்தவர்களா? என் மூன்று வரிக்கு இதில் பதில் இல்லை.

பட்டியல்

சரி, டூஸ்லாவுக்கு வருவோம். உப்பும் நிலக்கரியும் எடுக்கிற தொழில் நகரம். 1990 தேர்தலில் மற்ற ஊர்கள் இனவாதக் கட்சிகளின் பின்னால் போனபோது அப்படிப் போகாத ஊர். 1995 மே 25 அன்று ஊர் நடுவே விழுந்த குண்டில் 71 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளவட்டங்கள். அப்போதும் அந்த ஊர் கலந்துதான் வாழ்ந்தது.

அங்கே டிட்டா என்று சலவைத்தூள் செய்யும் தொழிற்சாலை ஒன்று. தனியார்மயமானது, கடன் ஏறியது, சம்பளம் நின்றது. தொழிலாளிகளை அதைவிட அதிகமாக வாட்டியது ஓய்வூதியக் கணக்கு: முதலாளி பங்குத்தொகை கட்டாததால் அவர்கள் உழைத்த ஆண்டுகள் எங்கேயும் பதிவாகவில்லை. முப்பது வருஷம் இயந்திரத்தின் முன்னால் நின்றவருக்கு அரசுக் கணக்கில் அத்தனை வருஷம் இல்லை. இயந்திரங்களை இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர்களே முறை வைத்து வாசலில் காவல் இருந்தார்கள். 2014 பிப்ரவரியில் டிட்டா, பொலிஹெம், கோஞூ முதலான ஆலைகளின் ஆட்கள் மாவட்ட அரசுக் கட்டடத்தின் முன்னால் கூடினார்கள். யாரும் வெளியே வந்து பேசவில்லை. போலீஸ் வந்தது, அடி விழுந்தது, மாணவர்களும் வேலையில்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 7ஆம் தேதி கட்டடம் எரிந்தது. சராயேவோ, ஜெனிட்சா, மோஸ்டார் என்று பரவியது. ஒரு பதாகையில் "மூன்று மொழியிலும் எங்களுக்குப் பசிக்கிறது" என்று எழுதியிருந்தது. போஸ்னியம், செர்பியம், குரோவாசியம் என்று மூன்று பெயரில் அழைக்கப்படும் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு முழுசாகப் புரியும். பதினெட்டு ஆண்டுகளாக அந்த மூன்று பெயரைச் சுற்றித்தான் நாற்காலிகள் பங்கு போடப்பட்டிருந்தன.

இன்ஸ்கோ அந்த நாட்களில் ஆஸ்திரியப் பத்திரிகை ஒன்றிடம், நிலைமை முற்றினால் ஐரோப்பிய ஒன்றியப் படைகளைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கலாம் என்றார். பிறகு அதை அவர் வேறு விதமாக விளக்கினாலும் ஊர்க்காரர்கள் காதில் விழுந்தது முதலில் சொன்னதுதான். நான் அவரைக் குறை சொல்லத் தயங்குகிறேன், ஏனென்றால் என் மூன்று வரியும் அதே இடத்திலிருந்துதான் பேசியது.

கட்டடம் எரிந்த அதே நாளில் டூஸ்லாவின் தொழிலாளர்களும் குடிமக்களும் வெளியிட்ட அறிக்கையைச் சில மாதம் கழித்துத்தான் முழுதாகப் படித்தேன். முதல் கோரிக்கையில் என்ன இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன் தெரியுமா? ராஜினாமா, தண்டனை, தேசம், விடுதலை, இப்படி ஏதோ ஒன்று. இருந்தது இதுதான்: குடிமக்கள், போலீஸ், குடிமைப் பாதுகாப்புப் பிரிவு மூன்றும் சேர்ந்து ஊரில் ஒழுங்கையும் அமைதியையும் காக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்றவை. கட்சி சாராத, இதற்கு முன் பதவியில் இருந்திராத நிபுணர்களின் அரசு, அந்த அரசு வாரா வாரம் என்ன செய்தது என்று அறிக்கை தர வேண்டும், ஆலைகள் கைமாறிய விதத்தைச் சட்டப்படி விசாரிக்க வேண்டும், தொழிலாளர்களுக்கு உழைத்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்த்து மருத்துவக் காப்பீடு தர வேண்டும், பதவி முடிந்த பிறகும் அமைச்சர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அந்தக் கடைசி வழக்கத்துக்கு ஊரில் 'வெள்ளை ரொட்டி' என்று பெயர். பதவி போனாலும் ஓர் ஆண்டு வரை வெள்ளை ரொட்டி வந்துகொண்டே இருக்கும்.

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்லாட்சி, வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் பதினெட்டு ஆண்டுகளாகப் பயிற்சிப் பட்டறை போட்டுச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அதில் இருந்தது. அவர்கள் சொல்லியிருந்தால் கூட்ட அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கும். இங்கே சம்பளம் வாங்காத ஓர் ஆலைத் தொழிலாளி தனக்கு நடந்ததிலிருந்து அதை எடுத்திருந்தார். இந்த மக்களுக்கு அரசு என்றால் என்னவென்று இன்னும் பழகவில்லை என்பதுதான் வெளியிலிருந்து போனவர்களின் வாதமாக எப்போதும் இருந்தது. அந்தப் பட்டியலைப் படித்தவர் அதை மறுபடி சொல்ல முடியாது.

மாவட்ட முதல்வர் அன்றே ராஜினாமா செய்தார். பிறகு பிளீனம் என்ற பொதுக்கூட்டங்கள் தொடங்கின. யார் வேண்டுமானாலும் வரலாம், தலைவர் கிடையாது, ஆளுக்கு இரண்டு நிமிடம், ஆளுக்கு ஒரு வாக்கு. சராயேவோவில் அரங்கு ஆயிரம் பேருக்கு மேல் நிரம்பி வழிந்தது. கோரிக்கை சொல்லத்தான் இரண்டு நிமிடம். ஆனால் எழுந்தவர்கள் ஓய்வூதியத்தைச் சொன்னார்கள், வேலை தேடி அலைந்ததைச் சொன்னார்கள், போரில் சண்டையிட்டுத் திரும்பி வந்து எந்த அலுவலகத்திலும் யாரும் முகம் கொடுத்துப் பேசாததைச் சொன்னார்கள். அவ்வளவு காலமும் அவர்களிடம் கருத்துக் கணிப்பு எடுத்திருக்கிறார்கள், பட்டறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து கேட்ட ஆள் இல்லை. டூஸ்லாவில் வெள்ளை ரொட்டி நிறுத்தப்பட்டது.

அப்புறம் தேய்ந்துபோனது. மே மாதம் பெருவெள்ளம் வந்தது, பிளீனத்துக்காரர்கள் உதவிப் பொருள் சுமக்கப் போனார்கள். அக்டோபர் தேர்தலில் பழைய கட்சிகளே திரும்பின. தோற்றுவிட்டது என்று எழுதியவர்கள் பலர். டிட்டா ஆட்கள் காவலை விடவில்லை, 2015இல் அவர்களே இயந்திரங்களை ஓட்டிச் சலவைத்தூள் செய்யத் தொடங்கினார்கள், கடைகளில் ஆட்கள் தேடி வாங்கினார்கள். இதை எந்தத் தேர்தல் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சுவரில் எழுதியவர்கள்

கொசோவோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டூஸ்லாவை வைத்து மட்டும் பேசினால் எல்லாம் எளிதாகிவிடும். அல்பேனியர் பெரும்பான்மையாக வாழும் அந்தப் பகுதியில், செர்பியாவுடனான போர் முடிந்த 1999க்குப் பிறகு பல ஆண்டுகள் ஐ.நா.வே அரசாங்கம். சட்டமும் அதுவே, போலீசும் அதுவே, அதன் ஆட்களுக்கு உள்ளூர் நீதிமன்றத்திலிருந்து விலக்கும் இருந்தது. 2005 ஜூனில், சுதந்திரம் கோரிய அல்பேனிய இயக்கத் தலைவர் அல்பின் குர்தியும் கூட்டாளிகளும் ஐ.நா. அலுவலகச் சுவரில் "பேச்சுவார்த்தை வேண்டாம், சுயநிர்ணயம்" என்று எழுதினார்கள். 2007 பிப்ரவரி 10 அன்று தலைநகர் பிரிஷ்டினாவில் அவர்கள் நடத்திய ஊர்வலத்தின் மீது ஐ.நா. போலீசில் இருந்த ருமேனியப் பிரிவினர் சுட்ட ரப்பர் குண்டுகளில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். விசாரணை முடிவதற்குள் அந்தப் பிரிவினர் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பல ஆண்டு கழித்து ஐ.நா. நிர்வாகத்தின் சொந்த மனித உரிமை ஆலோசனைக் குழு, உயிர் வாழும் உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்ல மட்டும்தான் அதிகாரம்.

குர்தியின் அரசியல் முழுவதையும் நான் ஏற்கவில்லை. அந்தச் சுவர் வாசகத்தை ஒரு செர்பியச் சிறுபான்மைக் குடும்பம் எப்படிப் படித்திருக்கும் என்று யோசித்தால் தயக்கம் வருகிறது. ஆனால் ஒன்று: தேர்தல் வைத்து அனுப்ப முடியாத அரசாங்கத்தை எதிர்த்து ஒருவர் வேறு எங்கே போய் எழுதுவார்? 2021இல் அதே ஆட்கள் பாதி வாக்குகளை வாங்கி ஆட்சிக்கு வந்தார்கள்.

ஒரு துணைவினை

இதையெல்லாம் எழுதும்போது தமிழ் வாசகர் மனதில் எந்த ஊர் ஓடும் என்று எனக்குத் தெரியும், என் மனதிலும் அதுதான் ஓடியது. இலங்கையில் உயர் பிரதிநிதி யாரும் இல்லை, ஐ.நா. ஆட்சியும் இல்லை. போர்க்காலக் குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறல் பற்றி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2015 அக்டோபரில் இலங்கை அரசும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் 2016இல் ஒரு சட்டம் வந்தது, 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' அதன் வழியாக உருவானது. வெளிநாட்டுத் தூதரகங்கள் அதை முன்னேற்றம் என்று வரவேற்றன. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், சில நாளில் வவுனியாவிலும். தொடக்க நாட்களில் அங்கே உட்கார்ந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

அந்த அலுவலகத்தை அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. உங்களுக்காகத்தானே அமைக்கிறார்கள், போய்ப் பதியுங்களேன் என்றுதான் தோன்றியது. தங்களைப் பற்றி அவர்கள் எழுதிய பதாகைகளில் 'காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்று இருந்தது. 'காணாமல் போனோர்' என்று இல்லை. போனது என்றால் தானாகப் போனது, திருவிழாவில் குழந்தை போகிற மாதிரி. ஆக்கப்பட்டது என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். 2009 மே மாதம் தங்கள் கையால் பிள்ளையைப் படையினரிடம் ஒப்படைத்த தாய்க்கு முதல் சொல் எப்படி வாயில் வரும்? அந்தச் சட்டத்தின் உள்ளே வலிந்து காணாமல் ஆக்கப்படுதலும் வரையறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வாசலில் மாட்டிய பலகையில் இருப்பது போனோர்தான்.

2017 ஜூனில் அவர்கள் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைச் சந்தித்தார்கள். கேட்டவற்றில் முதன்மையானது ஒரு பட்டியல்: இறுதிப் போரின்போது படையினரிடம் சரணடைந்தவர்களின், கையளிக்கப்பட்டவர்களின் பெயர்கள். சரணடைந்தபோது யாரோ ஒருவர் எழுதியிருப்பார்தானே, அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றார்கள். வெளியிடச் சொல்கிறேன் என்ற பதில் கிடைத்தது.

தோழிக்கு இதை எழுதி அனுப்பினேன். பத்து வருஷத்துக்கும் மேல் தாமதமான பதில். அவர் ஒரு வரி திருப்பி எழுதினார்: "அந்தப் பட்டியல் வந்ததா?" இல்லை, இன்னும் வரவில்லை.